காலர்ட் கீரை: தலை கட்டாத கோஸும் தண்டிலிருந்து பிறந்த பெயரும்

அமெரிக்கச் சமையல் குறிப்பு ஒன்றைப் படிக்கும்போதோ, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உண்பவர்களுக்குத் தரப்படும் உணவுப் பட்டியலைப் பார்க்கும்போதோ, ‘காலர்ட் கிரீன்ஸ்’ என்ற பெயர் தமிழ் வாசகர் பலரைத் தயங்க வைக்கிறது. தமிழில் தேடினால் ஓரிடத்தில் ‘சீமைப் பரட்டைக்கீரை’ என்று இருக்கிறது. இன்னோரிடத்தில் அது முட்டைக்கோஸின் வகை என்று மட்டும் சொல்லி விட்டுவிடுகிறார்கள். கடுகுக்கீரையும் இதுவும் ஒன்றே என்று எண்ணுபவர்களும் உண்டு. இந்தப் பெயர்களில் எதுவும் செடியைச் சரியாகக் காட்டவில்லை. செடி எது, பெயர் எங்கிருந்து வந்தது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் குழப்பம் தீரும். ஏனெனில் இந்தக் கீரையைப் பொறுத்தவரை பெயரின் வரலாறும் செடியின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

செடி: ஓர் இனம், பல உருவங்கள்

காலர்ட், ‘பிராசிக்கா ஒலரேசியா’ என்ற தாவர இனத்தைச் சேர்ந்தது. நாம் தனித்தனிக் காய்கறிகளாக வாங்கும் பல பொருள்கள் இந்த ஒரே இனத்தின் வெவ்வேறு உருவங்கள். மனிதர்கள் பல நூற்றாண்டுகளாக விதை தேர்ந்தெடுத்தபோது, செடியின் எந்த உறுப்பைப் பெருக்க விரும்பினார்களோ அதற்கேற்ப உருவம் பிரிந்தது.

1. நுனியில் உள்ள மொட்டு இலை மேல் இலையாக மூடிக்கொண்டு உருண்டால் முட்டைக்கோஸ்.
2. இலைக்கணுக்களில் உள்ள சிறு மொட்டுகள் பருத்தால் பிரஸ்ஸல்ஸ் ஸ்பிரவுட்ஸ்.
3. தரைக்கு மேலே தண்டு உருண்டு திரண்டால் நூல்கோல்.
4. பூங்கொத்து பெருத்தால் காலிஃபிளவர், பிராக்கோலி.
5. எதுவும் உருளாமல், திரளாமல், இலை இலையாகவே விரிந்தால் கேல், காலர்ட்.

கடைசி இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு இலையின் வடிவில்தான் இருக்கிறது. கேலின் இலை விளிம்பு சுருண்டு நெளிந்திருக்கும். காலர்ட் இலை அகலமாக, தட்டையாக, தடித்த நடுநரம்போடு, மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு படர்ந்து நீலம் கலந்த பச்சையாக இருக்கும். நல்ல இலை உள்ளங்கையைவிடப் பெரிதாக விசிறிபோல் விரியும்.

கடுகுக்கீரை இதிலிருந்து வேறானது. அது ‘பிராசிக்கா ஜன்சியா’. ஒரே பேரினத்துக்குள் வந்தாலும் அது தனி இனம். காரமும் நெடியும் கூடியது. இந்தக் குடும்பத்து உறவுமுறையை 1935இல் தெளிவுபடுத்தியவர், ஜப்பானில் பணியாற்றிய கொரிய வழித் தாவரவியலாளர் நாகஹாரு ஊ. மூன்று அடிப்படை இனங்கள் இரண்டிரண்டாகக் கலந்து வேறு மூன்று இனங்கள் தோன்றின என்பதை அவர் குரோமோசோம்களை எண்ணிக் காட்டினார். கோஸ் இனத்துக்கு 18 குரோமோசோம்கள், கருங்கடுகுக்கு 16, டர்னிப் இனத்துக்கு 20. டர்னிப் இனமும் கருங்கடுகும் கலந்து 36 குரோமோசோம்கள் கொண்ட கடுகுக்கீரை பிறந்தது. அந்தக் கலப்பில் கோஸ் இனத்துக்குப் பங்கில்லை. ஆகவே காலர்டைக் கடுகுக்கீரை என்று மொழிபெயர்ப்பது வெறும் சொற்பிழை மட்டுமல்ல, வேறொரு செடியைச் சுட்டிவிடும் பிழை.

இங்கே இன்னொரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். காலர்டை ‘உருண்டையாகாத முட்டைக்கோஸ்’ என்று விளக்குவது வழக்கம். தாவரவியலாளர்களும் இந்த வகைத்தொகுதிக்குத் ‘தலையற்றது’ என்று பொருள்படும் ‘அசெஃபலா’ என்ற பெயரையே வைத்தார்கள். வரலாறோ நேர்மாறாக நடந்திருக்கிறது. கிரேக்கத் தாவர அறிஞர் தியோஃபிராஸ்டஸ் கி.மு. 4ஆம் நூற்றாண்டையொட்டி எழுதியபோது, தோட்டத்துக் கோஸைச் சுருள் இலை கொண்டது, வழுவழுப்பான இலை கொண்டது என்றே பிரித்தார். இறுகத் தலை கட்டும் முட்டைக்கோஸ் தெளிவாகத் தென்படத் தொடங்குவது இடைக்கால ஐரோப்பாவில்தான். இலை விரிந்த வடிவம் மூத்தது. உருண்டை பின்னால் வந்தது. இந்தப் பயிரின் காட்டு உறவுகளில் மிக நெருங்கியது கிரேக்கத்தை ஒட்டிய ஏஜியன் கடல் பகுதியில் வளரும் ஓர் இனம் என்று 2021இல் வெளிவந்த மரபணு ஆய்வு சுட்டியது.

சொல்: தண்டு கீரையான வழி

லத்தீனில் ‘கவுலிஸ்’ என்றால் தண்டு. பிறகு அச்சொல் கோஸ் செடிக்கும் பெயரானது. ரோமர்களின் படையும் வணிகமும் சென்ற இடங்களிலெல்லாம் செடியோடு சொல்லும் சென்றது. ஜெர்மனில் ‘கோல்’, டச்சில் ‘கோல்’, ஐரிஷில் ‘கால்’, போர்த்துக்கீசியத்தில் ‘கோவ்’, ஆங்கிலத்தில் ‘கோல்’, ஸ்காட்லாந்தின் வழக்கில் ‘கேல்’. இன்று தனிக் கீரையின் பெயராக உலகெங்கும் விற்கப்படும் ‘கேல்’, தொடக்கத்தில் கோஸ் என்பதன் வடக்கத்திய உச்சரிப்பு மட்டுமே. வெல்ஷ் மொழியில் இதே வேர் ‘கவுல்’ என்று உருமாறிச் சாற்றுக்குழம்பின் பெயராகிவிட்டது.

பழைய ஆங்கிலத்தில் ‘வொர்ட்’ என்பது செடி, பூண்டு என்ற பொருளுடைய சொல். கோலும் வொர்ட்டும் சேர்ந்து ‘கோல்வொர்ட்’ ஆயின. கோஸ்ச்செடி என்று பொருள். பேச்சில் பின்பாதி தேய்ந்து ‘காலர்ட்’ ஆனது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க எழுத்துகளில் இந்தத் தேய்ந்த வடிவம் தலைகாட்டுகிறது. இங்கிலாந்தில் கோல்வொர்ட் என்ற சொல் மெல்ல வழக்கொழிய, கடல் கடந்துபோன அதன் தேய்ந்த வடிவம் அமெரிக்கத் தென்மாநிலங்களில் வேரூன்றியது. ‘கிரீன்ஸ்’ என்ற பின்னொட்டு நம் ‘கீரை’ என்பதற்கு ஈடானது. டர்னிப் இலை, கடுகு இலை, காலர்ட் மூன்றையும் அங்கே பொதுவாக ‘கிரீன்ஸ்’ என்றே சொல்வார்கள்.

முட்டைக்கோஸைக் குறிக்கும் ‘கேபேஜ்’ வேறு வழியில் வந்தது. அது ‘தலை’ என்று பொருள்படும் வடபிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. ஆக ஆங்கிலம் இந்தச் செடியைத் தண்டைக் கொண்டும் பெயரிட்டது, தலையைக் கொண்டும் பெயரிட்டது. தமிழ் முட்டையைக் கொண்டு பெயரிட்டது.

தமிழுக்கும் இந்தச் சொற்குடும்பத்துக்கும் உள்ள உறவு பலர் கவனிக்காதது. இலங்கைத் தமிழில் முட்டைக்கோஸ் ‘கோவா’ எனப்படுகிறது. சிங்களத்திலும் ஏறக்குறைய அதே சொல்தான். இரண்டும் போர்த்துக்கீசிய ‘கோவ்’ என்பதிலிருந்து வந்தவை. கோவா மாநிலத்தின் பெயருக்கும் இதற்கும் தொடர்பில்லை. ‘நூல்கோல்’ என்பதும் இவ்வாறு வந்ததே. திரண்ட கிழங்கு போன்ற கோஸ் என்ற பொருளில் டச்சுக்காரர்கள் வைத்த ‘க்னோல்கோல்’ என்ற பெயர், தமிழர் நாவில் நூலும் கோலுமாகிவிட்டது. கேட்பதற்கு நல்ல தமிழ்ச்சொல்போல ஒலிப்பதால் அதில் நூலைத் தேடுகிறோம், கோலைத் தேடுகிறோம். அந்தக் ‘கோல்’ காலர்டின் முதற்பாதியோடு உடன்பிறந்தது.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் இது வேரூன்றிய விதம்

காலர்ட் ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தது என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. விதை அப்படி வரவில்லை. அது ஐரோப்பியக் குடியேறிகளின் தோட்டச்செடி. ஆனால் இந்தக் கூற்றை முற்றிலும் தவறு என்று ஒதுக்கவும் முடியாது. அடிமைகளாகக் கடத்தி வரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க மக்கள், பலவகைக் கீரைகளை நெடுநேரம் வேகவைத்து, அந்தச் சாற்றோடு மாவுணவைத் தொட்டுண்ணும் பழக்கம் உடையவர்கள். பண்ணை முதலாளிகள் விட்டுக்கொடுத்த சிறு நிலத்துண்டுகளில் அவர்கள் வளர்க்க முடிந்த கீரை காலர்ட். கிடைத்த இறைச்சி, பன்றியின் கணுக்கால், கழுத்து எலும்பு போன்ற கழிவுப் பகுதிகள். ஐரோப்பாவின் இலையும் ஆப்பிரிக்காவின் கைப்பக்குவமும் சேர்ந்து உருவான உணவு இது. செடியின் பிறப்பிடத்தை மட்டும் சொல்லிவிட்டு, அதை உணவாக்கியவர்களின் பங்கை மறைப்பது பெரும் அநீதி.

முட்டைக்கோஸை விட்டுக் காலர்டை அவர்கள் பற்றிக்கொண்டதற்குச் செடியின் இயல்பிலேயே காரணங்கள் உள்ளன.

1. முட்டைக்கோஸை ஒருமுறை வெட்டினால் அறுவடை முடிந்தது. காலர்டில் அடியிலுள்ள முதிர்ந்த இலைகளைப் பறித்துக்கொண்டே போகலாம். நுனி மேலே வளர்ந்துகொண்டே இருக்கும். அன்றாடம் ஒரு கைப்பிடி வேண்டும் குடும்பத்துக்கு ஏற்றது அதுதான்.
2. தெற்கின் கோடை வெப்பத்தை முட்டைக்கோஸைவிட இது நன்றாகத் தாங்கும்.
3. வேறு பசுமை அரிதாகும் குளிர்காலத்திலும் அங்கே தோட்டத்தில் நிற்கும். உறைபனி பட்டால் இலை இனிப்பதற்கும் காரணம் உண்டு: செல்லில் உள்ள நீர் எளிதில் உறையாமலிருக்கச் செடி தன்னுள் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கிறது. முதல் பனி விழுந்த பிறகுதான் காலர்ட் பறிக்க வேண்டும் என்று தென்மாநிலத்து முதியவர்கள் சொல்வது வெறும் நம்பிக்கை அல்ல.

சமைக்கும்போது நடுநரம்பை நீக்கி, இலைகளைச் சுருட்டி நறுக்கி, புகையிட்ட பன்றியிறைச்சி எலும்போடு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைப்பார்கள். இறக்கியபின் வினிகரும் மிளகாயும் சேரும். பானையில் எஞ்சும் பச்சைச் சாற்றுக்கு ‘பாட்லிக்கர்’ என்று பெயர். வைட்டமின் சி, ஃபோலேட், பொட்டாசியம் போன்றவை நீரில் கரைபவை. நெடுநேரம் வெந்த இலையிலிருந்து அவற்றில் கணிசமான பங்கு இந்தச் சாற்றுக்குள் இறங்கிவிடுகிறது. இறைச்சியும் இலையும் முதலாளியின் மேசைக்குப் போய்ச் சாறு மட்டும் சமையற்கட்டில் மிஞ்சிய வீடுகளில், அந்தச் சாறே பலருடைய உடலைக் காத்தது.

பின்னாளில் அதே சாறு அரசியல்வாதிகளின் பேச்சுப்பொருளும் ஆனது. 1931இல் லூசியானா மாநிலத்தின் அரசியல் தலைவர் ஹியூ லாங்கும் அட்லாண்டா நாளிதழ் ஒன்றின் ஆசிரியரும், மக்காச்சோள ரொட்டியைப் பாட்லிக்கரில் தோய்த்து உண்பதா, பொடித்துப் போட்டு உண்பதா என்று பல நாள்கள் வாதிட்டார்கள். நாடே அதை வாசித்தது. 1935 ஜூனில் செனட் அவையில் பதினைந்து மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர்ந்து பேசியபோது, லாங் பாட்லிக்கர் செய்முறையையும் விளக்கினார்.

ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை சுமார் 60 இலட்சம் கறுப்பின மக்கள் தெற்கைவிட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் பெயர்ந்தபோது காலர்டும் சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் சென்றது. புத்தாண்டு நாளில் காலர்டும் காராமணியும் மக்காச்சோள ரொட்டியும் உண்பது இன்றும் தொடரும் மரபு: கீரை பணத்தாளுக்கும், காராமணி நாணயத்துக்கும், ரொட்டி பொன்னுக்கும் அடையாளம். அந்தத் தட்டில் காராமணி ஆப்பிரிக்காவின் பயிர், கீரை ஐரோப்பாவின் பயிர், மக்காச்சோளம் அமெரிக்காவின் பயிர். வட கரோலினாவின் எய்டன் என்ற சிற்றூர் 1975 முதல் காலர்டுக்கென்றே விழா நடத்துகிறது. தென் கரோலினா 2011இல் காலர்டைத் தன் மாநிலக் காய்கறியாகச் சட்டப்படி அறிவித்தது.

வேறு மண், வேறு பெயர்

காலர்ட் என்ற சொல் அமெரிக்காவுக்கு உரியது, செடி அப்படியல்ல. போர்த்துக்கலின் வடக்கே மின்யோ பகுதியில் இதன் நெருங்கிய வகையை நூல்போல் நறுக்கி உருளைக்கிழங்குச் சாற்றில் இட்டு ‘கால்டு வெர்டி’ செய்கிறார்கள். பிரேசிலில் அவ்வாறே நறுக்கிப் பூண்டோடு சட்டென வதக்கி, கறுப்பு பீன்ஸும் இறைச்சியும் சேர்த்துச் செய்யும் ‘ஃபெய்ஜோவாடா’வுக்குத் துணையாக வைக்கிறார்கள். ஜிம்பாப்வேயில் இது ‘கோவோ’. அதுவும் போர்த்துக்கீசியச் சொல்லின் வழிவந்ததே.

கென்யாவில் இதன் பெயர் ‘சுகுமா விக்கி’. சுவாஹிலியில் ‘வாரத்தைத் தள்ளு’ என்று பொருள். கையில் பணம் குறைந்தாலும் வார இறுதிவரை குடும்பத்தைக் கொண்டுசெலுத்த உதவும் கீரை என்பதால் வந்த பெயர். இங்கே சொன்ன மற்றப் பெயர்கள் செடியையோ கீரையையோ சுட்டுவதோடு நின்றுவிடுகின்றன. இது ஒன்றுதான் கீரையின் பயனைச் சொல்கிறது. கென்யர்கள் ஆங்கிலத்தில் பேசும்போது இதைக் ‘கேல்’ என்பதால், மொழிபெயர்ப்பாளருக்கு அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது.

எத்தியோப்பியாவின் ‘கோமன்’ அதைவிடச் சிக்கலானது. வெளிநாட்டில் உள்ள எத்தியோப்பிய உணவகங்கள் காலர்டைக் கொண்டு கோமன் சமைக்கின்றன. அந்த மண்ணுக்கே உரிய கோமனோ ‘பிராசிக்கா கரினாட்டா’ என்ற வேறு இனம். கருங்கடுகும் கோஸ் இனமும் கலந்து பிறந்தது, 34 குரோமோசோம்கள் கொண்டது. பெயர் ஒன்று, செடி இரண்டு.

காஷ்மீரில் இது ‘ஹாக்’. வடமொழி ‘சாக’ என்ற சொல்லின் முதலெழுத்து அங்கே ஹகரமானது. நூறைக் குறிக்கும் ‘சத’ காஷ்மீரியில் ‘ஹத்’ ஆனதும் அதே விதியால்தான். சொல்லளவில் ஹாக் என்றால் கீரை. கீரை என்றாலே இதுதான் என்ற அளவுக்கு அங்கே இது அன்றாட உணவு. கடுகெண்ணெய், பெருங்காயம், மிளகாய், உப்பு, தண்ணீர் இவற்றோடு பானையை மூடாமல் வேகவைப்பது காஷ்மீரப் பண்டிதர்களின் முறை. திறந்திருக்கும்போது இலையின் அமிலம் ஆவியோடு வெளியேறுவதால் பச்சை நிறம் மங்காமல் நிற்கிறது. அமெரிக்கத் தெற்கின் நீண்ட வேக்காடும், பிரேசிலின் ஒரு நிமிட வதக்கலும், காஷ்மீரத்தின் தெளிந்த சாறும் ஒரே இலையின் மூன்று சுவைகள்.

மருத்துவப் பட்டியலில் இது இடம்பெறும் காரணம்

பச்சையான காலர்ட் இலை 100 கிராமில் சுமார் 230 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பாலக்கீரையிலும் கால்சியம் உண்டு; ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் என்ற வேதிப்பொருள் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்வதால் உடல் உறிஞ்சுவது மிகக் குறைவு. கோஸ் குடும்பத்து இலைகளில் ஆக்சலேட் குறைவு. ஆகவே அவற்றின் கால்சியம் பெரும்பங்கு உடலில் சேர்கிறது.

இதைவிட முக்கியமானது வைட்டமின் கே. அதே 100 கிராமில் அது 400 மைக்ரோகிராமுக்கும் மேல். வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 90, ஆணுக்கு 120 மைக்ரோகிராம் போதும் என்பது அமெரிக்க அளவுகோல். இரத்தம் உறைவதற்கான புரதங்களைக் கல்லீரல் உருவாக்க இந்த வைட்டமின் தேவை. வார்ஃபரின் என்ற மருந்து, பயன்பட்ட வைட்டமின் கே மீண்டும் பயன்படாதவாறு தடுத்து, இரத்தம் உறைவதைக் குறைக்கிறது. அதனால்தான் அம்மருந்து உண்பவர்களின் பட்டியலில் காலர்ட் இடம்பெறுகிறது. அதைக் கண்டு அஞ்சிக் கீரையையே விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள், அது தேவையற்றது. மருந்தின் அளவு ஒருவருடைய வழக்கமான உணவைக் கணக்கில் கொண்டே சரிசெய்யப்படுகிறது. திடீரென்று கூட்டுவதும் திடீரென்று நிறுத்துவதும்தான் ஆபத்து. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்பதே பாதுகாப்பு. மாற்றம் செய்ய விரும்புபவர் முதலில் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வைட்டமின் கே கொழுப்பில் கரைவது, நீரில் அல்ல. எனவே வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டால் அது போய்விடும் என்று எண்ணுவதும் தவறு.

தமிழில் எப்படிச் சொல்வது

‘பரட்டை’ என்பது எண்ணெய் காணாமல் கலைந்த முடிக்கு நாம் சொல்வது. சுருண்டு நெளிந்த கேலுக்குப் பரட்டைக்கீரை என்ற பெயர் கண்ணால் கண்டு வைத்ததுபோல் பொருந்துகிறது. அதே பெயரோடு ‘சீமை’ சேர்த்துக் காலர்டுக்குக் கொடுப்பதுதான் பொருந்தவில்லை. முதலாவது, காலர்ட் இலையில் பரட்டை என்பதே இல்லை. தட்டையான இலை என்பதுதான் கேலிலிருந்து அதைப் பிரிக்கும் அடையாளம். இரண்டாவது, கேலும் சீமையிலிருந்து வந்ததே. இரண்டில் ஒன்றுக்கு மட்டும் அந்த அடைமொழியைக் கொடுப்பது வேறுபாட்டை விளக்காது. ‘இலைக்கோஸ்’ என்று புதிதாகப் படைக்கலாமே என்றால், கன்னடத்தில் ‘எலெகோசு’ என்பது முட்டைக்கோஸையே குறிப்பதால் எல்லையோர வாசகர்களிடம் புதுக்குழப்பம் உண்டாகும்.

என் கருத்தில், ‘காலர்ட் கீரை’ என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் ‘கோஸ் இனத்தைச் சேர்ந்த, உருண்டையாகாமல் அகன்று விரியும் இலை’ என்று விளக்குவதே நேர்மையான வழி. காலிஃபிளவரை அப்படியே ஏற்றுக்கொண்ட மொழிக்கு இது சுமையாகாது. காஷ்மீரைப் பற்றி எழுதும்போது ஹாக், கென்யாவைப் பற்றி எழுதும்போது சுகுமா விக்கி என்று அந்தந்த மண்ணின் பெயரையே வைக்க வேண்டும். எல்லாவற்றையும் காலர்ட் என்று மாற்றுவது அமெரிக்கப் பெயரை எல்லார் தட்டிலும் திணிப்பதாகும்.

சமைக்க விரும்புபவருக்குப் பசலையோ முருங்கையோ இதற்கு மாற்றாகாது. அவை சட்டென வெந்து குழைபவை. நம் சந்தையில் கிடைப்பவற்றுள் மிக நெருங்கியது நூல்கோலின் இலை. இனமும் அதே, இலையின் தடிப்பும் மெழுகுப்பூச்சும் ஏறக்குறைய அதே. காஷ்மீரிகள் நூல்கோலை இலையோடு சேர்த்தே ‘மோஞ்ச் ஹாக்’ என்று சமைக்கிறார்கள். நம் கடைகளில் அந்த இலையை ஒடித்துக் கூடைக்கு வெளியே எறிகிறார்கள். வாங்கும்போது வாடாத இலையோடு கேட்டு வாங்கி, நடுநரம்பை நீக்கி, காலர்ட் என்று குறிப்பு சொல்லும் இடத்தில் அதைச் சேர்க்கலாம். இளசாக இருந்தால் வேகும் நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.